எங்கும் போய்ச் சேராத நாலரை கிலோமீட்டர்

கோப்பில் ஒரு பக்கம்தான் விட்டிருக்கிறார்கள்.
லைன் தொடங்கிய தேதி, மூடிய தேதி, காரணம்.
காரணத்துக்கு இரண்டு வரி.

வெள்ளக்கல்பட்டிக் குழியிலிருந்து சூளை வரை
நாலரை கிலோமீட்டர்.
சூளைக்கு அப்பால், கல்லெறி தூரத்தில்,
ஓமலூர் போகிற பெரிய தண்டவாளம்.
அதன் அகலம் வேறு, எங்கள் அகலம் வேறு.
முப்பத்தொரு வருஷம் பக்கத்தில் கிடந்தும்
ஒன்றையொன்று தொட்டதில்லை,
வழக்கு நடக்கும் பங்காளி வீடுகள் மாதிரி.

இஞ்சின் எங்களுக்கென்று செய்ததல்ல.
துருவத்தை ஒட்டிய ஏதோ ஒரு நாட்டில்
தாது மலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே
அதுவும் வேறெந்த லைனையும் தொடாமல் ஓடியதாம்.
தாது தீர்ந்தது, ஏலம் விட்டார்கள்.
கப்பலில் மெட்ராஸ், டிரெய்லரில் சேலம்,
கத்திரி பிறந்து மூன்றாம் நாள் வந்து இறங்கியது
மூக்கில் பனி தள்ளும் கலப்பையோடு.

சூளைக்காரர்கள் சுற்றிச் சுற்றி வந்து சிரித்தார்கள்.
இரட்டைக் கண்ணாடி ஜன்னல். கேபினுக்குள் ஹீட்டர்.
ஃபிட்டர் ரஹமத்துல்லா அதைக் கழற்றவில்லை:
"இருக்கட்டும், அதுக்குன்னு ஒரு வேலை வராமயா போகும்."
வந்தது.
டிரைவர் சடையன் பதினொன்றரைக்கு
தூக்குச்சட்டியை அதன்மேல் ஏற்றிவிடுவார்.
குழியில் சூடான குழம்பு தின்ற ஒரே மனுஷன்.

கலப்பையையாவது கழற்றலாம் என்றது ஆபீஸ்.
ஆடிக் காற்று அடித்த ராத்திரி
வெள்ளைத் தூள் தண்டவாளத்தை மூடியது.
பனி என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ,
விடியற்காலை இஞ்சின் அதைத்
தள்ளிக்கொண்டே போனது,
இரு பக்கமும் ஒதுக்கி, அவசரமில்லாமல்,
சேர்வராயன் மலையைப் பார்த்தபடி.

பாயிண்ட் மாற்றும் காவேரியம்மாளுக்கு
புருவம் வெள்ளை, இமை வெள்ளை.
ஷிப்ட் முடிந்து குழாயடியில் நின்று
"கரையுதான்னு பாக்குறேன்" என்பாள்.
தினமும் அதே பேச்சு.
அது கரைகிற வெள்ளை இல்லை.
அவள் எக்ஸ்ரேயிலும் இருந்தது.

ஒருமுறை சீட்டைப் பிரித்தபோது
அடித்தகட்டில் ஆணியால் கீறிய கோடுகள்.
ஐந்தைந்தாகக் கட்டி, அறுபத்திரண்டு.
கடைசியில் ஒரு வட்டம்.
கடன் கணக்கு என்றார் சடையன்.
ரஹமத்துல்லா யாரையோ விசாரித்துவிட்டு வந்தார்:
மார்கழியைச் சுற்றி இரண்டு மாசம்
அங்கே சூரியன் எழாதாம்.
எவனோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறான்.

சடையன் ஷெட் வாசலில் நின்று
கண் கூசும் குழியைப் பார்த்தார்.
"நம்மாளு ஒரு நா லீவு போடுவானா பாரு."
ஆனாலும் அன்றைக்கு
சீட்டை அவரே திருப்பிப் பொருத்தினார்,
வட்டத்தின்மேல் போல்ட் படாமல்.

பிறகு குத்தகை முடிந்தது.
புதுப்பிக்கும் காகிதம் சென்னைக்குப் போனது,
டெல்லிக்குப் போனது, திரும்பவில்லை.
சம்பளம் நின்ற பிறகும் சடையன் வந்தார்.
டீசல் இருந்தவரை காலையில் ஒரு தரம்
உறும விட்டு அணைப்பார்.
டீசல் தீர்ந்த பிறகு சும்மா உட்கார்ந்திருப்பார்.

நேற்று எடைமேடை.
பதினேழு டன் நானூற்றிப் பத்து.
கழிவு: கண்ணாடி, ரப்பர், ஒட்டிய தூள்.
தூளுக்கு முப்பது கிலோ போட்டான் வியாபாரி,
நான் பேசி இருபதாக்கினேன்.

ஏற்றுவதற்கு முன் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
பழைய வட்டத்துக்குக் கீழே புதுக் கோடுகள்.
வேறு கை, ஸ்பேனர் முனை.
எண்ணத் தொடங்கினேன்.
நூற்று நாற்பதைத் தாண்டும்போது
லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
முடிவில் வட்டம் இருந்ததா என்று பார்க்கவில்லை.

காரணம் என்ற இடத்தில்
"தாது தீரவில்லை" என்று எழுதி, அடித்துவிட்டேன்.
"குத்தகை காலாவதி."

இன்னும் ஒன்றரை வரி மிச்சமிருக்கிறது.